எறும்பு வைத்த தொப்புள்

சாந்தா ரீத்தா, அத்ராத்தோ ஆற்றங்கரை
மார்ச் 4

எனெய்தா,

நான் என் கையால் மருந்து வைத்த தொப்புளை ஒரு டாக்டரிடம் கொடுத்து வெட்டிப் போட்டுவிட்டாய். என்னிடம் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிப் பேசி என்னை வேறெங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவாய்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். படகுத்துறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பாஸ்தோரா அந்தப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

"லூதோவினா அக்கா, உங்க தங்கச்சிக்குப் புதுத் தொப்புள் வச்சிருக்காங்களாமே! மெதெயீன்ல என்னதான் கிடைக்காது!"

"எந்தத் தங்கச்சிக்கு?"

"உங்களுக்கு எத்தனை தங்கச்சி? எனெய்தாவுக்குத்தான். இளைச்சதுக்கு அப்புறம் தொங்குன தோலை எல்லாம் வழிச்செடுத்து, மிச்சத்தை இழுத்துத் தச்சுட்டாங்களாம். நடுவுல புதுசா ஒண்ணு. அவ மக மரிசெல்தான் என் மககிட்ட சொல்லியிருக்கா."

"எனக்கும் ஒண்ணு சொல்லி வைங்க, என்னுது பழசாப் போச்சு" என்று இன்னொருத்தி கத்தினாள். துறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். இந்த வயதில், உன்னால், ஆற்றில் கால் வைத்துக்கொண்டு பொய் சொன்னேன்.

நீ எனக்குச் சொன்னது என்ன? புகா கோயிலுக்குப் போகிறேன், ஒரு மாதம் பேச முடியாது என்றாய். உன் பயணம் நல்லபடியாக முடியவேண்டும் என்று நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்த மெழுகுவர்த்தியையும் நீ ஏமாற்றிவிட்டாய்.

நம் ஊரில் பிறந்த குழந்தையின் கொடி விழுந்ததும் அந்தப் புண்ணில் எதைப் பொடித்து வைக்கிறோமோ அதன் குணம் பிள்ளைக்கு வரும். ஒருத்தனுக்கு மரப்பட்டை, ஒருத்திக்குத் தங்கத்தூள். உனக்கு இலை சுமக்கும் எறும்பு. அம்மா எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். எனக்குப் பதினான்கு வயது. ஓட்டில் வறுத்து, நகத்தால் நுணுக்கி, நான்தான் வைத்தேன். அது சாகும்வரை உடம்போடு இருக்கவேண்டியது. அதைச் சோற்றுப் பருக்கை மாதிரி துடைத்தெறிய அந்த டாக்டர் யார்?

தொலைபேசியில் பேசமாட்டேன். தொலைபேசியில் நீ அழுதுவிடுகிறாய், நான் கத்திவிடுகிறேன், பாஸ்தோரா பக்கத்தில் நின்று கேட்கிறாள், அவளுடையதுதானே கருவி. நான் சாக்குப்பையில் அச்சடித்த எழுத்தையும் படகுகளின் பெயரையும் பார்த்துத் தானாக எழுதக் கற்றுக்கொண்டவள். பள்ளிக்கூடம் போன நீ பதில் எழுது. என் கேள்வி இரண்டு. வெட்டிய தோல் எங்கே? தொப்புள் எங்கே?

உன் அக்கா
லூதோவினா மொஸ்கேரா


மெதெயீன்
மார்ச் 15

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் குயிப்தோ பேருந்து ஓட்டுநர் கையில், மீன் வாசனையோடு வந்து சேர்ந்தது.

புகாவுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த படகில் ஏறி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பீர்கள்.

போன அக்டோபரில் புனித சான் பிரான்சிஸ்கோ திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்தபோது என்னைப் பார்த்து, "பாதியா இளைச்சுட்டே, ராணி மாதிரி இருக்கே" என்றீர்கள். நான் தொளதொள உடுப்பில் இருந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. சர்க்கரை நோய்க்காக வயிற்றைச் சுருக்கிக்கொண்டு, தின்பதைக் குறைத்து, நடந்து நடந்து நான் இறக்கிய சதை போய்விட்டது. அதன் தோல் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. வயிற்றிலிருந்து தொடை வரை ஒரு மடிப்பு. குளிக்கும்போது ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கழுவவேண்டும். ஈரம் நின்றால் அடியில் புண். வேலைக்குப் போகும்போது தலையணை உறையைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொள்வேன். பேருந்தில் ஒரு பையன் எழுந்து, "உக்காருங்க அம்மா, எத்தனாவது மாசம்?" என்று கேட்டான். என் தலைநரையைக்கூட அவன் பார்க்கவில்லை.

ஒருநாள் நான் வேலை செய்யும் வீட்டுச் சின்ன முதலாளி சமையலறைக்குள் வந்தார். நான் அடுப்பின் முன் வியர்த்துப்போய் நின்றிருந்தேன். "ஏதோ கெட்டுப்போச்சு போல இருக்கு எனெய்தா, ஃபிரிட்ஜைப் பாருங்க" என்றார். நான் திறந்து பார்த்தேன். தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்ப்பதுபோல நடித்தேன். கெட்டது எது என்று எனக்குத் தெரியும்.

இதை மரிசெலிடம்கூட நான் சொன்னதில்லை. பெற்ற மகளிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் எழுதிவிட்டேன்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். தோலை ஆஸ்பத்திரியில் எரித்துவிட்டார்கள், அது அங்கே விதி. தொப்புளை யாரும் வெட்டிப் போடவில்லை. பாஸ்தோரா சொன்னது தப்பு. டாக்டர் ஒசோரியோ எனக்குப் படம் போட்டுக் காட்டினார். தொப்புள் ஒரு காளானைப் போல உள்ளே தண்டோடு நிற்குமாம். அதைச் சுற்றி வெட்டி, அங்கேயே விட்டுவிட்டு, மேல் தோலைக் கீழே இழுத்துத் தைத்து, தொப்புள் எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் திறந்துவிடுகிறார்கள். அது அசையவே இல்லை. அதைச் சுற்றியிருந்த நான்தான் நகர்ந்தேன்.

இன்னொன்றும் எழுதவேண்டும். எறும்பு. என் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டில் சுமக்கிறேன். "எனெய்தா உக்காரவே மாட்டா, எறும்பு" என்று முதலாளியம்மா விருந்தாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்வார். நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கேட்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் சுருக்கென்று கடிக்கும். நான் உட்கார்ந்து தின்றதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடி, அவர்கள் தட்டில் மிஞ்சியதை அவசர அவசரமாக விழுங்கினேன். அப்படித்தான் பெருத்தேன். தங்கம் வைத்திருக்கலாம். நம் ஆற்றில் தங்கமா இல்லை? நீங்களே மரத்தட்டில் அரித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனால் நானும் இப்போது யாரையும் கேட்கவில்லை.

எனெய்தா


சாந்தா ரீத்தா
மார்ச் 26

எனெய்தா,

என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நான் உன் முதலாளியம்மாவா? உன் மூக்கைச் சிந்திவிட்டவள். இன்னொரு கடிதம் இப்படி வந்தால் பிரிக்காமல் ஆற்றில் விடுவேன்.

எறும்புக்கு வருகிறேன். நான் வைத்தது சரி. நாளைக்கு நீ மறுபடி பிறந்தாலும் அதையேதான் வைப்பேன். உனக்கு முன்னால் இரண்டு பிறந்தன. இரண்டும் பால் குடிக்கும்போதே வாய் சோர்ந்து, கை சோர்ந்து, அடங்கிப்போயின. நீ பிறந்தபோதும் அழவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தங்கத்தூளை வாழை இலையில் மடித்துக் கொண்டுவந்தாள். அம்மா படுத்தபடியே தலையை ஆட்டினாள். "தங்கம் வேணாம்டி. தங்கம் போட்ட இடத்துல கிடக்கும். நிக்காதது எதையாவது தேடிக் கொண்டா" என்றாள். நான் ஓடிப்போய் வரிசையில் போய்க்கொண்டிருந்ததில் ஒன்றைப் பிடித்தேன். அது என் விரலைக் கடித்துக்கொண்டே வந்தது. நீ நின்றாயா? நிற்கவில்லை. நிற்காததால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எனக்கு வசை எழுதுகிறாய்.

நீ அடுத்தவர் எச்சில் தட்டில் தின்றதற்கும் எறும்புக்கும் சம்பந்தம் இல்லை. எறும்பு தன் புற்றுக்குச் சுமக்கிறது. நீ யார் புற்றுக்குச் சுமந்தாய் என்று நீதான் யோசிக்கவேண்டும்.

தக்காளி விஷயத்தைப் படித்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். அந்தச் சின்ன முதலாளியின் முழுப்பெயரை மட்டும் எழுதி அனுப்பு.

பேருந்துப் பையன் கேட்டதற்கு, "உன் தாத்தாவோட பிள்ளையைத்தான் சுமக்கறேன்"னு சொல்லியிருக்கவேண்டும். உனக்கு எப்போதும் பதில் மறுநாள்தான் வரும்.

தோலை எரித்தது பெரிய தப்பு. நம்முடைய எதுவும் மண்ணுக்குத்தான் போகவேண்டும். உன் நஞ்சுக்கொடி நம் வீட்டுக்குப் பின்னால் பனையடியில் இருக்கிறது. மிச்சமெல்லாம் மெதெயீன் புகையில் போனால் நீ எங்கே போய்ச் சேருவாய்?

ஜன்னல் கதையை நான் நம்பவில்லை. டாக்டர்கள் படம் போட்டால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். தொப்புளைப் படம் எடுத்து அனுப்பு. என் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

லூதோவினா


சாந்தா ரீத்தா
ஏப்ரல் 2

எனெய்தா,

படத்தை உறையில் போட்டு ஒட்டி அனுப்புவாய் என்று நினைத்துத்தான் கேட்டேன். உன் மகள் அதைப் பாஸ்தோராவின் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறாள். அவளும் வாழைக்குலை ஏற்றும் நேரத்தில், துறையில் எல்லாரும் கூடியிருக்கும்போது, "எனெய்தா வந்தாச்சு! தொப்புள் வந்தாச்சு!" என்று கத்திவிட்டாள். எனக்கு முன்னால் ஊரே பார்த்துவிட்டது. படகோட்டி நிக்கனோர்கூடப் பார்த்தான். நான் அவனை அடித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு, கண்ணு மாதிரி."

"தையல் கோணலா இருக்கு."

"கறுப்பா இருக்கே?"

"நாம என்ன வெள்ளையாவா இருக்கோம்? போடி!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கருவியை வாங்கி, நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். அது நான் வைத்த தொப்புள்தான். மேல் ஓரத்தில் ஒரு மடிப்பு இருக்கும், அது அப்படியே இருக்கிறது. பாஸ்தோரா சொன்னது பொய் என்று துறையிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்தக் கறுப்பு நம் கறுப்பு இல்லை. அடிபட்ட வாழைப்பழத்தில் வரும் கறுப்பு. யாரிடம் மறைக்கிறாய்? உடனே எழுது.

லூதோவினா


மெதெயீன்
ஏப்ரல் 6

அக்கா,

நீ கண்டுபிடித்துவிட்டாய். இருட்டில் எடு என்று மரிசெலிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் நின்று எடுத்துவிட்டாள்.

டாக்டருக்குத் தெரியும். மரிசெலுக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் சொல்லவில்லை. நேற்றுக் கட்டைப் பிரித்தபோது மரிசெல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் ரத்தம் சரியாகப் போகவில்லையாம். தண்டு செத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டொரு நாள் பார்க்கலாம், திரும்பாவிட்டால் வெட்டி எடுத்துவிடவேண்டும், விட்டுவைத்தால் சீழ் பரவி உள்ளே போய்விடும் என்கிறார். நல்ல பெண் அவர். கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"கவலைப்படாதீங்க எனெய்தா அம்மா. ஆறினதும் இருக்கிற தோல்லயே புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன். பார்க்கிற யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

"எனக்குத் தெரியுமே டாக்டர்."

"அது வெறும் தழும்புதானே அம்மா. எல்லாருக்கும் தொப்புள் ஒரு தழும்புதான்."

என்னால் அவருக்கு விளக்க முடியவில்லை. எறும்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் சர்க்கரை அளவைத்தான் பார்த்தார். புத்தி தடுமாறுகிறதோ என்று நினைத்திருப்பார்.

அக்கா, நான் குனிந்துதான் நடக்கிறேன். நிமிர்ந்தால் தையல் இழுக்கிறது. இடுப்பிலிருந்து தொங்கிய குழாய்களை எடுத்துவிட்டார்கள், ஆனால் அவை இன்னும் தொங்குவதுபோலவே இருக்கிறது. உட்கார்ந்தபடியே தூங்குகிறேன், பிறகு எழுந்து நடக்கிறேன், பிறகு மறுபடி உட்காருகிறேன். மடிப்பு போய்விட்டது. குளிக்கும்போது இன்னமும் கை தானாகக் கீழே போய் எதையோ தூக்கப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. அதற்காக நான் அழவில்லை, சிரித்தேன். தோலை எடுத்ததற்கு வருத்தமே இல்லை. உனக்கு அது கோபமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

போன கடிதத்தில் எறும்பைத் திட்டினேன். இப்போது அது போகப்போகிறது என்றதும் பயமாக இருக்கிறது. புதிதாக வைக்கும் தொப்புளில் ஒன்றும் இருக்காதே? எறும்பும் இல்லை, தங்கமும் இல்லை. வெறும் தொப்புளோடு ஒருத்தி எப்படி இருப்பாள்? அவளுக்குக் காலையில் எதற்கு எழுந்திருக்கவேண்டும் என்று தெரியுமா?

டாக்டர் திங்கட்கிழமை என் வாயால் பதில் கேட்பார். மரிசெல், "நீங்களே முடிவு செய்யுங்க அம்மா" என்கிறாள். எனக்குச் சொல் வரவில்லை. நீ சொல். திட்டுவதானாலும் திட்டிவிட்டுச் சொல்.

எனெய்தா


சாந்தா ரீத்தா
ஏப்ரல் 8

எனெய்தா,

கடிதம் வந்து சேரும்வரை பொறுக்காமல் நேற்று நீயே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னபோது, பாஸ்தோராவைத் துறையை விட்டே துரத்திவிட்டுத்தான் பேசினேன். நீ அழுதாய். நான் கத்தவில்லை. "வெட்டட்டும்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குத் தொலைபேசி போதும். மற்றதற்குக் கடிதம் வேண்டும்.

நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னிடம் கேட்காமல் கத்தி வைக்கப் போனது தப்பு, புகா பொய் தப்பு, தோலை எரித்தது தப்பு. உயிரோடு இருப்பவளிடம்தான் இந்தக் கணக்கைத் தீர்க்க முடியும். எறும்பு உன்னை நிற்காமல் வைப்பதற்காக வைக்கப்பட்டது. இப்போது அது செத்து உன்னையும் இழுக்கிறது என்றால் அதன் வேலை முடிந்துவிட்டது. அம்மா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள், இன்னும் மோசமான வார்த்தையில்.

இந்தக் கடிதம் நிக்கனோர் கையில் முன்னால் வருகிறது. நான் பின்னால் வருகிறேன். மலைப்பாதையில் மண் சரிந்து கிடப்பதாகச் சொல்கிறார்கள், அதனால் நேரம் சொல்ல முடியாது. இனி யார் யார் என்ன செய்யவேண்டும் என்று எழுதுகிறேன். இதில் எதையும் மாற்றக்கூடாது.

டாக்டர் ஒசோரியோ வெட்டியெடுக்கும் துண்டை எரிக்கக்கூடாது. ஒரு மூடியிட்ட புட்டியில் போட்டு நம்மிடம் கொடுக்கவேண்டும். விதி என்று சொன்னால், விதி எழுதியவரிடம் போய் இது மொஸ்கேரா குடும்பத்தின் சொத்து என்று அவர்தான் பேசவேண்டும். அவருக்குப் படிப்பு இருக்கிறது, பேசட்டும். கெஞ்சவேண்டியிருந்தால் மரிசெல் கெஞ்சட்டும். நான் கெஞ்சமாட்டேன். கொடுத்தால் பனையடிக்குக் கொண்டுபோவேன். கொடுக்காவிட்டால் அந்த வாசலிலேயே உட்காருவேன், பிறகு அவர்கள் பாடு.

மரிசெல் பேருந்து நிலையத்துக்கு வரவேண்டும். என்னுடைய ரப்பர் பூட்ஸைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது. தானாக ஏறி இறங்கும் பெட்டிக்குள் என்னை அடைக்கக்கூடாது, படி ஏறுவேன். இனி அம்மாவின் கட்டை மாற்றும்போது வெளியே ஓடவும் கூடாது, பக்கத்தில் நிற்கவேண்டும்.

பாஸ்தோரா என் கோழிகளைப் பார்த்துக்கொள்வாள். கருவியிலிருந்து படத்தை என் கண் முன்னால் அழித்துவிட்டாள். நிக்கனோர் பார்த்ததை மறந்துவிட்டதாகச் சத்தியம் செய்திருக்கிறான்.

உன் முதலாளியம்மாவிடம், எனெய்தா எப்போது வருவாள் என்று தெரியாது என்று மரிசெல் சொல்லவேண்டும். நீ பேசக்கூடாது. நீ பேசினால் மறுநாளே வேலைக்குப் போய்விடுவாய்.

சமையல் நான். பச்சை வாழைக்காயும் உப்புமீனும் கொண்டுவருகிறேன். சர்க்கரைக்கு ஆகாதது எது என்று டாக்டர் எழுதித் தரட்டும். அதைப் படித்துவிட்டு நான் முடிவு செய்வேன்.

வெட்டிய இடம் ஆறட்டும். புதிதாக ஒன்று செய்யட்டும். அதுவும் ஆறி, இனி தொடலாம் என்று டாக்டர் வாயால் சொல்லும்வரை நான் அங்கேயே இருப்பேன். அதற்கு முன்னால் பொடியென்று எதுவும் உன் உடம்புக்குப் பக்கத்தில் வராது. எனக்கும் புத்தி இருக்கிறது என்று அவரிடம் சொல்.

அதன்பிறகு வருவது, புதியதில் என்ன வைப்பது என்பது. இங்கிருந்து நான் எதையும் கொண்டுவரப்போவதில்லை. பிறந்த அன்று உனக்கு வாய் இல்லை, அதனால் நாங்கள் சொன்னோம். இப்போது உனக்கு வாய் இருக்கிறது. கல்லோ, மீன்முள்ளோ, தங்கமோ, சும்மா மிதக்கும் பாசியோ, நீதான் சொல்லவேண்டும். தேடிக் கொண்டுவருவதும், வறுப்பதும், நுணுக்குவதும், வைப்பதும் நான். ஏன் அதைச் சொன்னாய் என்று கேட்கமாட்டேன்.

லூதோவினா